முக்கி பெட்ஸை என்ன செய்திருக்கலாம்? 2019 குளிர்காலத்தில் பாஸ்டன் முன் இருந்த வழிகள்

2019 அக்டோபர் கடைசியில் ஹைம் ப்ளூம் அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றபோது அவருக்காகக் காத்திருந்த பெரிய கேள்வி ஒன்றுதான். முக்கி பெட்ஸை என்ன செய்வது? 2018இல் 108 வெற்றியோடு, இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற அணி அது. அந்த வருஷம் .346 பேட்டிங் சராசரி, 32 ஹோம் ரன், 30 ஸ்டோலன் பேஸ் (பந்து வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) எடுத்து அமெரிக்கன் லீகின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த வீரர் ஆனவர் பெட்ஸ். வயது 27, சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருதை நாலு வருஷமாகத் தொடர்ந்து வாங்கிய ரைட் ஃபீல்டர், ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே ஒரு வருஷம்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "கொடுத்திருக்கலாமா, கூடாதா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் கையில் இருந்தது இரண்டு வழி இல்லை, நாலைந்து வழி. அதில் பாஸ்டன் எடுத்ததுதான் இருப்பதிலேயே மோசமானது என்பது என் கட்சி. 2020 பிப்ரவரியில் பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தது ஒரு தப்பு என்றால், அவரோடு பிட்சர் (பந்து வீசுபவர்) டேவிட் பிரைஸின் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம், அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது. ஐபிஎல்லில் இருப்பது மாதிரி இங்கே சம்பளத்துக்கு மேல்வரம்பு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், ஆனால் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் தாண்டிய பணத்துக்கு வரி. முதல் வருஷம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் வருஷமும் தாண்டினால் 30, மூன்றாம் வருஷம் 50. நடுவில் ஒரு வருஷம் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் திரும்ப 20இல் இருந்து ஆரம்பம். பாஸ்டன் 2018, 2019 இரண்டு வருஷமும் தாண்டியிருந்தது. 2020க்கான கோடு 20.8 கோடி டாலர். 2019இல் 84 வெற்றியோடு மூன்றாம் இடத்தில் முடிந்து, பொறுப்பில் இருந்த டேவ் டொம்ப்ராவ்ஸ்கியை செப்டம்பரில் வேலையை விட்டு அனுப்பிய கையோடு, அடுத்த வருஷம் கோட்டுக்குக் கீழே வரவேண்டும் என்று உரிமையாளர் ஜான் ஹென்றி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அப்போதைய நிலவரப்படி ஏறத்தாழ 3 கோடி டாலர் குறைக்க வேண்டியிருந்தது. பெட்ஸின் 2020 சம்பளம் 2.7 கோடி. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் எல்லோர் கண்ணும் அவர் மேலேயே விழுந்தது.

ப்ளூம் வந்ததோ டாம்பா பே ரேஸில் இருந்து. லீகிலேயே குறைந்த சம்பளப் பட்டியல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு 2019இல் 96 வெற்றி எடுத்த அணி அது. எப்படிப்பட்ட ஆளை எதற்காகக் கூட்டிவந்தார்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

கேட்டதைக் கொடுத்து வைத்துக்கொள்வது

செய்திகளில் வந்தபடி பாஸ்டன் சொன்ன தொகை 10 வருஷத்துக்கு 30 கோடி டாலர், பெட்ஸ் கேட்டது 12 வருஷத்துக்கு 42 கோடி. இடைவெளி பெரிதுதான். ஆனால் 2020 ஜூலையில் டாட்ஜர்ஸ் அவரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள்: 12 வருஷம், 36.5 கோடி. கிட்டத்தட்ட இரண்டுக்கும் நட்டநடுவில். அதிலும் 11.5 கோடியைப் பிற்பாடு கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு. கோவிட்டால் எல்லாம் முடங்கிக் கிடந்த சமயத்தில் போட்ட கையெழுத்து அது, அதனால் அதே தொகைக்கு பாஸ்டனிலும் சம்மதித்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் பேரத்தில் ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 42 என்று நிற்கும்போது நடுவில் சந்திக்க இடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும்.

பணம் இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2018 டிசம்பரில் பிட்சர் நேத்தன் இவால்டிக்கு 4 வருஷத்துக்கு 6.8 கோடி கொடுத்தார்கள். 2019 மார்ச்சில், முந்தைய வருஷமே தோள்பட்டைத் தொந்தரவில் தவித்த க்ரிஸ் சேலுக்கு 5 வருஷத்துக்கு 14.5 கோடி. இது இரண்டும் டொம்ப்ராவ்ஸ்கி காலத்தில் நடந்தது, ப்ளூமைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓனர் அதே ஓனர்தான். சேலின் புதிய ஒப்பந்தம் தொடங்கிய 2020இல் முழங்கை அறுவைச் சிகிச்சையால் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. முப்பதைத் தொட்ட பிட்சரின் கை மேல் துணிந்து பணம் கட்டியவர்கள், 27 வயதில் பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங் மூன்றிலும் உச்சத்தில் இருந்தவரிடம் போய்ச் சில்லறை பார்த்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரு வருஷம் ஆடவிட்டு, அப்புறம் போகவிடுவது

இதை ஆதரித்தவர்களும் நிறையப் பேர். 2020இல் முழு பலத்தோடு ஆடுவோம், கடைசியில் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலை) ஆகட்டும், ஏலம் போனால் நாமும் கேட்போம் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிட்சிங் நொந்துபோயிருந்த அணி அது, பெட்ஸ் இருந்தும்தான் 2019இல் 84. தவிர, அவர் போய்விட்டால் ஈடாகக் கிடைக்கும் ட்ராஃப்ட் தேர்வு (புது இளம் வீரரை எடுக்கும் வாய்ப்பு), வரிக் கோட்டைத் தாண்டிய அணிக்கு நாலாம் சுற்று முடிந்த பிறகுதான் வரும். எம்விபியை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்வது நஷ்டம்தான். ஆனாலும் உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டால் இந்த நஷ்டம்கூடத் தேவலை என்று தோன்றுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வேறு இடத்தில் பணத்தைக் குறைப்பது

இதைத்தான் யாரும் சரியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வரிக் கணக்கில் ஒப்பந்தத்தின் வருடச் சராசரிதான் சேரும். அந்தக் கணக்கில் பிரைஸ் 3.1 கோடி, பேட்டர் மார்ட்டினெஸ் 2.2 கோடி, இவால்டி 1.7 கோடி. சென்டர் ஃபீல்டர் ஜாக்கி பிராட்லி ஜூனியருக்கு 2020 சம்பளம் 1.1 கோடி.

ஜே.டி. மார்ட்டினெஸுக்கு ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு போகும் உரிமை இருந்தது. போயிருந்தால் பாதிச் சிக்கல் தானாகத் தீர்ந்திருக்கும், அவர் இருந்துவிட்டார். இவால்டியை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், 2019இல் முழங்கைச் சிகிச்சை, 5.99 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது). எடுக்காததும் நல்லதாகத்தான் போயிற்று, 2021இல் அவர்தான் அணியின் முதல் பிட்சர்.

மிச்சம் பிரைஸும் பிராட்லியும். பிரைஸுக்கு இன்னும் மூன்று வருஷம், 9.6 கோடி. பாதியை பாஸ்டன் கொடுத்தால் வாங்குகிற அணிக்கு மூன்று வருஷத்துக்கு 4.8 கோடி, வருஷத்துக்கு 1.6 கோடி. அதே டிசம்பரில் மேடிசன் பம்கார்னருக்கு அரிசோனா 5 வருஷத்துக்கு 8.5 கோடி கொடுத்தது, டொராண்டோ ரியூ ஹியூன்-ஜின்னுக்கு 4 வருஷத்துக்கு 8 கோடி. சந்தை விலை இப்படி இருக்கும்போது, 34 வயதானாலும், 2019இல் மணிக்கட்டுத் தொந்தரவு இருந்தாலும், பாதி விலையில் பிரைஸை எடுக்க ஓர் அணிகூட வந்திருக்காது என்று நான் நம்பவில்லை. அதில் 1.5 கோடிக்கு மேல் குறையும். பிராட்லியை டிசம்பர் 2ஆம் தேதிக்குள் ஒப்பந்தம் கொடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் 1.1 கோடி. ஆக 2.6 கோடி. மார்ட்டின் பெரெஸை 60 லட்சத்துக்கும், கெவின் பில்லாரை 42.5 லட்சத்துக்கும் புதிதாக எடுத்தார்களே, அதில் ஒன்றைத் தவிர்த்தால் வேலை முடிந்தது. பெட்ஸ் அதே ஜெர்ஸியில் இருந்திருப்பார்.

பிராட்லி போனால் சென்டர் ஃபீல்டில் யார் நிற்பது? பெட்ஸே நின்றிருக்கலாம், பெரிய லீகுக்கு வந்த புதிதில் அங்கே ஆடியவர்தான். பிராட்லியின் ஃபீல்டிங் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெட்ஸா பிராட்லியா என்று கேட்டால் யோசிக்க என்ன இருக்கிறது?

தனியாகக் கொடுப்பதா, பிரைஸோடு சேர்த்தா

சரி, ஓனர் பிடிவாதம், நீண்ட ஒப்பந்தம் நடக்காது, கொடுத்தே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு வழி. பெட்ஸை மட்டும் கொடுத்து, அவருடைய மதிப்புக்குச் சரியாக இளம் வீரர்களை வாங்குவது ஒன்று. பிரைஸையும் தலையில் கட்டி, பணச்சுமையைக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்பக் குறைவாக வாங்குவது இன்னொன்று. பாஸ்டன் இரண்டாவதை எடுத்தது.

நடந்த விதமும் நன்றாக இல்லை. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் முதலில் பேசியது மூன்று அணி ட்ரேட் (வீரர் பரிமாற்றம்). டாட்ஜர்ஸுக்கு பெட்ஸும் பிரைஸும், மினசோட்டாவுக்கு டாட்ஜர்ஸின் பிட்சர் கென்டா மயேடா, பாஸ்டனுக்கு டாட்ஜர்ஸின் அலெக்ஸ் வெர்டுகோவும் மினசோட்டாவின் ப்ரூஸ்டார் க்ராடரோலும். மணிக்கு 100 மைல் வீசும் 21 வயதுப் பையன் க்ராடரோல். மருத்துவ அறிக்கையைப் பார்த்த பாஸ்டன், இவர் தொடக்கப் பிட்சராகத் தாங்கமாட்டார், ஆட்ட நடுவில் வரும் ரிலீவர்தான் என்று பின்வாங்கியது. சில நாள் இழுபறிக்குப் பிறகு மினசோட்டாவைக் கழற்றிவிட்டு வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் மூவரை வாங்கிக்கொண்டு முடித்தார்கள். பிரைஸ் சம்பளத்தில் பாதியை பாஸ்டனே கொடுக்கும். க்ராடரோலை டாட்ஜர்ஸ் தனி ட்ரேடில் வாங்கிக்கொண்டது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெட்ஸின் 2.7, பிரைஸில் பாதி 1.5, மொத்தம் 4.2 கோடிக்கு மேல் குறைந்தது. தேவைப்பட்டது 3 கோடி! தேவைக்கு மேல் குறைத்த அந்தப் பணத்தின் விலையைத் திறமையில் கொடுத்தார்கள். வெர்டுகோ நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் நட்சத்திரம் ஆகவில்லை. 2023 டிசம்பரில் அவரும் யாங்கீஸுக்குப் போனார். டவுன்ஸ் பாஸ்டனுக்காக வெகு சில ஆட்டங்களே ஆடினார், 2022 டிசம்பரில் வாஷிங்டன் அவரை வெய்வரில் (ஓர் அணி விடுகிற வீரரை ஈடின்றி எடுக்கும் வழி) எடுத்துக்கொண்டது. வாங் மட்டும் கேட்சராக நிலைத்தார். இதனால்தான் ஒரு வருஷம் ஆடவிட்டு வெறுங்கையோடு அனுப்பியிருந்தாலும் தேவலை என்று சொன்னேன்.

அதே அக்டோபரில் என்ன ஆயிற்று? உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், டாட்ஜர்ஸும் டாம்பா பேயும். ஆறாவது இன்னிங்ஸில் 73 பந்துகளே வீசியிருந்த ப்ளேக் ஸ்னெல்லை டாம்பா வெளியே எடுத்தது. அடுத்து வந்த நிக் ஆண்டர்சனின் பந்தில் பெட்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்தார். ஒரு வைல்ட் பிட்ச்சில் (கேட்சருக்குத் தப்பிய பந்தில்), ஏற்கெனவே பேஸில் இருந்த ஆஸ்டின் பார்ன்ஸ் உள்ளே வந்து ரன் எடுத்தார், பெட்ஸ் மூன்றாவது பேஸில். கோரி சீகர் முதல் பேஸ் பக்கம் தரையோடு ஒரு சாதாரண கிரவுண்டர் அடிக்க, பந்து மட்டையில் பட்ட கணமே பெட்ஸ் ஓட ஆரம்பித்தார். சோய் ஜி-மான் எடுத்து ஹோமுக்கு வீசினார், பந்து வருவதற்குள் பெட்ஸ் சறுக்கி உள்ளே போய்விட்டார். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் வேறு. அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டன் எதைக் கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டுவேன். மட்டையால் பெரிதாக எதுவும் செய்யாமலே ஆட்டத்தைத் திருப்பும் ஆட்கள் லீகில் எத்தனை பேர்? பாஸ்டன் அந்த வருஷம் 24 வெற்றி, 36 தோல்வி, கடைசி இடம். பிரைஸோ கோவிட் காரணமாக 2020இல் ஆடவே இல்லை.

ப்ளூமுக்காகவும் பேசவேண்டும். பிராட்லியை வைத்துக்கொண்டதும் ட்ரேடின் வடிவமும் அவர் பொறுப்பு, ஆனால் கோடு போட்டது அவர் இல்லை. யாங்கீஸ் விட்டுவைத்த காரெட் விட்லாக்கை ரூல் 5 ட்ராஃப்டில் எடுத்தது, நிக் பிவெட்டாவைக் கொண்டுவந்தது, கீகே ஹெர்னாண்டஸை எடுத்தது எல்லாம் அருமையான வேலை. 2021இல் அந்த அணி 92 வெற்றியோடு, உலகத் தொடருக்கு முந்தைய படியான லீக் சாம்பியன்ஷிப் தொடர் வரை போனது. வரியைத் திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவந்ததன் பலன் இதுதான் என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள்.

ஆனால் 2022ஐப் பாருங்கள். கோடு 23 கோடிக்கு ஏறியிருந்தது, பாஸ்டன் அதை நூலிழையில் தாண்டியது, தாண்டியும் கடைசி இடத்தில் முடிந்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி கேட்சர் வாஸ்கெஸை ஹூஸ்டனுக்கு அனுப்பியவர்கள், இவால்டியையும் மார்ட்டினெஸையும் வைத்துக்கொண்டார்கள். ஒருவரைக் கொடுத்திருந்தால் போதும், கோட்டுக்குக் கீழே வந்திருக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனின் சாண்டர் போகார்ட்ஸ் 11 வருஷத்துக்கு 28 கோடிக்கு சான் டியாகோ போனார், இவால்டி டெக்ஸஸ் போனார். இரண்டு பேருக்கும் ஈடாக இரண்டாம் சுற்று முடிந்ததும் வந்திருக்க வேண்டிய ட்ராஃப்ட் தேர்வுகள் நாலாம் சுற்றுக்கு அப்புறம் தள்ளிப்போய் 132ஆம், 133ஆம் இடத்தில் வந்தன. 132இல் க்ரிஸ்டியன் கேம்ப்பெல் கிடைத்தது தேர்வாளர்களின் சாமர்த்தியம். கோட்டுக்குக் கீழே வருவதற்காக பெட்ஸையே கொடுத்த நிர்வாகம், இரண்டே வருஷத்தில் ஒரு சின்ன ட்ரேடில் முடிந்திருக்கும் காரியத்துக்கு அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விட்டது. 2023 செப்டம்பரில் ப்ளூமையும் அனுப்பிவிட்டார்கள்.