கப்பல் கம்பெனிப் பங்கு என்று காசு கேட்டு வருகிறார்கள், கவனம்

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்கச் சந்தையில் சரக்குக் கப்பல் கம்பெனிப் பங்கு வாங்கித் தருவதாக ஒருவர் வீடு வீடாக வருகிறார். என்னுடைய 4 இலட்சம் அவரிடம்தான் போனது. முக்கியமாகச் சேமலாப நிதி கைக்கு வந்தவர்களைத்தான் தேடிப் போகிறார்.

என்னிடம் வந்தது 2021 கடைசியில். கொரோனா அடங்கி உலகம் எழும்புகிறது, இரும்புத்தாதும் நிலக்கரியும் கோதுமையும் ஏற்றக் கப்பல் போதவில்லை என்றார். லண்டனில் வெளியாகும் பால்டிக் உலர்சரக்குச் சுட்டெண்ணைப் போனில் காட்டினார். 2020 மே மாதம் 400க்கும் கீழே கிடந்தது, 2021 ஒக்டோபரில் 5,650. அது பொய்யில்லை. ஆனால் அது கப்பல் வாடகையைக் காட்டும் எண், பங்கு விலை அல்ல. அவர் வந்தபோது அது இறங்கவும் தொடங்கியிருந்தது. 2008 மே மாதம் 11,793 வரை ஏறி, அதே டிசம்பரில் 663க்கு விழுந்த எண் அது. வாடகை ஏறினால் முதலாளிமார் எல்லாரும் புதுக் கப்பலுக்குச் சொல்லிவிடுவார்கள். கட்டி முடிய இரண்டு மூன்று வருடம். அவை கடலில் இறங்கும்போது சரக்கு குறைந்திருந்தால் வாடகை படுத்துவிடும். இதில் ஒரு சொல்கூட அவர் வாயில் வரவில்லை.

பெரிய வேலை அப்புறம்தான் நடந்தது. ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து, "பாருங்கண்ணே, 1 டொலருக்கு வாங்கினது இப்ப 9 டொலர்!" என்று விலை மட்டும் தெரியும் படத்தை நீட்டினார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். கொழும்பில் வேலை செய்யும் என் மருமகன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "மாமா, இப்ப எத்தனை பங்கு இருக்கு?" கம்பெனி பத்துப் பங்கை ஒன்றாக்கியிருந்தது. விலை 1 டொலருக்குக் கீழே கிடந்தால் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் நலிந்த கம்பெனிகள் செய்யும் வேலை இது. கணக்குப் பார்த்தால் 10 டொலருக்கு வாங்கிய பத்துப் பங்கு இப்போது 9 டொலர் பெறுமதியான ஒரே பங்கு; இலாபம் இல்லை, நட்டம்.

பங்காவது என் பெயரில் இருந்ததா? அதுவும் இல்லை. கையில் இருப்பது புத்தகக் கடையில் விற்கும் பற்றுச்சீட்டும் ஒரு ரப்பர் முத்திரையும். இங்கிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்குவதென்றால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டப்படி வங்கியில் வெளிமுதலீட்டுக் கணக்கு வேண்டும். உள்நாட்டுப் பங்கு என்றாலும் பங்குகளைப் பதிந்து வைக்கும் சீடீஎஸ் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கும். உரிமம் உள்ள பங்குத் தரகர் யார் என்பது பங்குச் சந்தையை மேற்பார்க்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிறது. கையில் ரொக்கமாகக் கேட்கிறவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டால் "சந்தை ஏறட்டும் அண்ணே" என்கிறார், இப்போது அழைப்பையும் எடுப்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அதே மாதிரிப் பற்றுச்சீட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால் கிழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு நீங்களும் போய் முறைப்பாடு கொடுங்கள்.