பொறியாளர் வேலைத்தகுதி ஆய்வு: கூகுள் ஸ்காலரா, எரிக்கா, ஷோத்கங்காவா?

சேலத்துக் கல்லூரி ஒன்றில் பொறியியல் மாணவர்களின் வேலைத்தகுதியை ஆய்வுக்கு எடுப்பவருக்கு என் பரிந்துரை ஷோத்கங்கா. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்த இலவசக் களஞ்சியத்தில் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முதலில் ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் திறந்து, ஆய்வுக்குப் பயன்படுத்திய வினாப்பட்டியலைப் பாருங்கள். யாரைக் கேட்டிருக்கிறார்கள்? இறுதியாண்டு மாணவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண் வேறு, வேலை கொடுப்பவரின் மதிப்பீடு வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நீங்கள் எழுதும் மீளாய்வு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகள் பற்றி உள்ள இயலை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, மூலக் கட்டுரைகளை நேரில் படித்தே ஆக வேண்டும்.

அந்த மூலங்களைப் பிடிக்க, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரை மிஞ்ச ஆளில்லை. ஓர் உதாரணம்: இந்தியாவில் புதிதாகப் பட்டம் பெற்ற பொறியாளர்களைப் பற்றி, வேலை கொடுப்பவர்களிடம் கேட்டு, பிளோம், சாயெகி இருவரும் 2011இல் எழுதிய உலக வங்கி ஆய்வுத்தாள். மனப்பாட அறிவைவிட, பகுத்தாராயும் திறனில்தான் நிறுவனங்களுக்கு அதிகக் குறை என்கிறது அது. அதன் கீழுள்ள மேற்கோள் இணைப்பை அழுத்தி, அந்தப் பட்டியலுக்குள்ளேயே ‘தமிழ்நாடு’ என்று ஆங்கிலத்தில் தேடினால் பின்னால் வந்த ஆய்வுகள் வரிசைகட்டும். ஆனால் ஸ்காலர் தரம் பிரிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழும் நல்ல இதழும் அங்கே அருகருகே நிற்கும்.

அமெரிக்கக் கல்வித் துறையின் கல்வி ஆய்வுத் தரவுத்தளமான எரிக் (ERIC) இலவசம். வல்லுநர் மதிப்பாய்வு பெற்றவற்றை மட்டும் வடிகட்டும் வசதியும் உண்டு. கருத்தாக்கம், வரையறை ஆகியவற்றுக்கு நல்லது. நம் ஊர் நிலவரத்துக்குப் போதாது.

முழுக்கட்டுரை என்று வரும்போதுதான் வயிற்றெரிச்சல். 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றுக்கான திட்டம் இது. சற்றுத் தள்ளியிருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவருக்கு அந்தக் கதவு இல்லை. அதே பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளையை இப்படி வெளியே நிறுத்துவது நியாயமே அல்ல. அவர் ஸ்காலரில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதை அழுத்திப் பார்க்கட்டும். ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் பிரதி பல நேரம் இருக்கும். இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம்.