எத்திக்ஸ் சென்டர் தலைமைப் பொறுப்பு: ஆஸ்பத்திரிக்குள்ளயா, யுனிவர்சிட்டியிலயா?

கத்தோலிக்க மருத்துவத்துக்கான இறையியல், எத்திக்ஸ் சென்டர் (சிகிச்சையில எது சரி, எது தப்புன்னு ஆலோசனை சொல்ற இடம்) ஒண்ணுக்கு டைரக்டரா வாங்கன்னு ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்க, எதுக்கு சரின்னு சொல்றதுன்னு தெரியலன்னு என்கூட படிச்ச கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருத்தங்க போன்ல கேட்டாங்க. ஒண்ணு யுனிவர்சிட்டி இறையியல் துறையோட சேர்ந்தது, இன்னொண்ணு ஒரு ஆஸ்பத்திரி குழுமம் தன் காசுல நடத்தறது. நான் முதல் வகையில மூணு வருஷம் துணை டைரக்டரா இருந்தேன், ரெண்டாவது வகையை ஆறு வருஷமா நடத்திட்டு இருக்கேன், அதுக்கெல்லாம் முன்னாடி ஐசியூ நர்ஸ். அதனால என் சாய்வை முதல்லயே சொல்லிடறேன், நான் ஆஸ்பத்திரி பக்கம்தான். போன்ல அவசரமா சொன்னதை இங்க கொஞ்சம் பொறுமையா எழுதறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சதை வேகமா தாண்டிடலாம். யுனிவர்சிட்டின்னா நூலகம், ஆராய்ச்சி மாணவர்கள், படிக்க நேரம், எழுதினது அச்சுல வரும். ஆஸ்பத்திரின்னா மீட்டிங், மீட்டிங், மறுபடியும் மீட்டிங், நடுவுல பேஜர். சம்பளத்துல பெரிய வித்தியாசம் இருக்கும்னு எனக்குத் தோணல, அதை வெச்சு யாரும் முடிவு பண்ண வேண்டாம்.

முடிவு பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன். கேள்வி உங்க கிட்ட எப்ப வருது? முடிவு எடுக்கறதுக்கு முன்னாடியா, எடுத்து முடிச்ச அப்புறமா?

ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் வருஷம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ நைட் டியூட்டி நர்ஸ் கூப்பிட்டாங்க. வயசான ஒருத்தர், பல நாளா வென்டிலேட்டர்ல இருக்கார், கிட்னியும் போச்சு, இனி தேறமாட்டார்னு டாக்டருங்க சொல்லியாச்சு. அவரோட மனைவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. நான் போய் பக்கத்துல உக்காந்ததும் அவங்க கேட்டது ஒரே கேள்வி, "இதைக் கழட்டச் சொன்னா நான் அவரைக் கொன்ன பாவம் எனக்கு வருமா?" பையன் வெளியூர்லேர்ந்து போன்ல எல்லாம் பண்ணுங்க எல்லாம் பண்ணுங்கன்னு கத்திட்டு இருக்கான், டாக்டருக்கு இது சட்டப் பிரச்சினை ஆகிடுமோன்னு பயம், நர்சுக்கு தினமும் அந்த உடம்பைப் புரட்டிப் போட்டு மனசு தாங்கல. நோயாளியோ அவர் குடும்பமோ தாங்க முடியாத பாரமா ஆகிட்ட, பலன் தராத சிகிச்சையை நிறுத்தறது கொலை இல்ல, தற்கொலையும் இல்ல, சாவை மனுஷனுக்குரிய நிலைன்னு ஏத்துக்கறதுன்னு திருச்சபை ரொம்ப காலமா சொல்லிட்டு வருது. இதை அந்த அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லவே ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் ஃபாதரை வரவெச்சு, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கற நோயில்பூசுதல் கொடுத்து, பையன் வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்து, மறுநாள் சாயங்காலம் கழட்டினோம். அந்த அம்மா அவர் கையை விடவே இல்ல.

யுனிவர்சிட்டியில இருந்தப்ப இதே விஷயத்தைப் பத்தி நான் கட்டுரை எழுதியிருக்கேன். அடிக்குறிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த நாற்காலி பக்கத்துல யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல.

இது என்னோட அனுபவம் மட்டும் இல்ல, இந்தப் போதனை வளர்ந்த விதமே அப்படித்தான். 1957 நவம்பர்ல திருத்தந்தை (போப்) 12ஆம் பயஸ் வென்டிலேட்டர் பத்திப் பேசின உரையை எடுத்துக்குங்க, இன்னிக்கு வரைக்கும் கத்தோலிக்க எத்திக்ஸ் விவாதங்கள்ல எடுத்துப் பேசற உரை அது. அது ஏன் வந்துச்சு? ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக் யுனிவர்சிட்டி சர்ஜரி கிளினிக்ல அனஸ்தீசியா தலைமை டாக்டரா இருந்த புரூனோ ஹைட் மூணு கேள்வி அனுப்பினார். எல்லாருக்கும் இந்த மெஷினைப் போட்டே ஆகணுமா, எப்ப எடுக்கலாம், மூளை செயலிழந்தவரை எப்ப இறந்துட்டார்னு சொல்றது, ஏறக்குறைய இந்த மாதிரி. நோயாளி பக்கத்துல நின்னுட்டு இருந்த ஒருத்தர் கேட்ட கேள்வி. சாதாரண வழிகளைத்தான் கட்டாயம் கையாளணும், தனக்கோ மத்தவங்களுக்கோ பெரிய பாரமா ஆகறதைக் கையாளணும்னு கட்டாயம் இல்லன்னு பதில் வந்துச்சு.

முடிவுக்கு அப்புறம் கேள்வி வந்தா எப்படி இருக்கும்னும் பார்த்தாச்சு. 2009ல அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரியில 11 வார கர்ப்பிணி ஒருத்தங்க, நுரையீரல் ரத்த அழுத்த நோய், கர்ப்பம் தொடர்ந்தா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டருங்க சொல்ல, எத்திக்ஸ் கமிட்டி அனுமதிச்சு கர்ப்பம் நிறுத்தப்பட்டுச்சு. அது திருச்சபை எப்பவும் அனுமதிக்காத நேரடி கருக்கலைப்புன்னு அந்த மறைமாவட்ட ஆயர் (பிஷப்) சொன்னார், 2010 டிசம்பர்ல அது இனி கத்தோலிக்க ஆஸ்பத்திரி இல்லன்னு அறிவிச்சார். ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்டதால ஒரு இறையியல் பேராசிரியர் விரிவான ஆய்வு எழுதிக் கொடுத்தாங்க. அந்த ஆய்வைப் பத்தி இன்னிக்கும் விவாதம் நடக்குது, நான் இங்க தீர்ப்பு சொல்ல வரல. ஆனா அந்த ஆய்வு மொத்தமும் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வந்து சேர்ந்துச்சு. அந்தப் பெண்ணும் அவங்களைப் பார்த்துக்கிட்டவங்களும் அந்த ரெண்டு மூணு நாளை அது இல்லாமத்தான் கடந்தாங்க.

எங்க யுனிவர்சிட்டி சென்டர்லயும் இதேதான், சின்ன அளவுல. ஒரு ஆஸ்பத்திரி இன்னொரு நிறுவனத்தோட கூட்டு ஒப்பந்தம் போட்டுட்டு, கையெழுத்தெல்லாம் ஆன பிறகு அந்த ஃபைலை எங்களுக்கு அனுப்பி இதுல தீமைக்குத் துணைபோற பிரச்சினை ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. எழுதிக் கொடுத்தோம். நன்றின்னு ஒரு கடிதம் வந்துச்சு, ஒப்பந்தம் அப்படியே இருந்துச்சு. எனக்கு அன்னிக்கு வந்த வருத்தம் இன்னும் போகல.

யுனிவர்சிட்டியைக் குறைச்சு சொல்றேன்னு நினைக்காதீங்க. நோயாளி எந்த அளவுக்கு சாப்பாடும் மருந்தும் எடுத்துக்கக் கடமைப்பட்டவர்ங்கற கேள்வியை 16ஆம் நூற்றாண்டுலயே ஸ்பெயின்ல சாலமன்கா யுனிவர்சிட்டி வகுப்பறையில இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா அலசினார், சாதாரண வழி அசாதாரண வழிங்கற பாகுபாடு அந்த மரபுலதான் உருவாச்சு. அந்த அம்மா கிட்ட ராத்திரி நான் பேசினது மொத்தமும் கடன் வாங்கின வார்த்தைதான். அதோட சில கேள்விக்கு உண்மையிலயே வருஷக்கணக்கு வேணும். நிரந்தர மயக்க நிலையில இருக்கறவங்களுக்கு ட்யூப் வழியா உணவும் தண்ணியும் கொடுக்கறது பத்தி அமெரிக்க ஆயர்கள் 2005ல வத்திக்கானுக்குக் கேள்வி அனுப்பினாங்க, 2007 ஆகஸ்ட்லதான் பதில் வந்துச்சு. அவசரப்படாம யோசிக்கற இடம் திருச்சபைக்குத் தேவை. நான் அங்க இருக்க வேண்டிய ஆள் இல்ல, அவ்வளவுதான்.

இப்ப ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற பெரிய ஆபத்து. சம்பளம் கொடுக்கறவங்க கிட்டயே இது தப்புன்னு சொல்லணும். ஏழை நோயாளிங்களுக்கு இருக்கற வார்டை மூடப் போறாங்கன்னா அதுவும் எத்திக்ஸ் கேள்விதான், கருத்தடை மட்டும் எத்திக்ஸ் கேள்வி இல்ல, ஆனா பட்ஜெட் மீட்டிங்ல அதைச் சொல்றதுக்கு நாக்கு எழும்பாது. அதனால நான் சேர்றதுக்கு முன்னாடியே மூணு விஷயத்தை எழுத்துல வாங்கினேன். நான் தலைமை நிர்வாகி கிட்ட நேரடியா பேசலாம், லீகல் டிபார்ட்மென்ட் வழியா போக வேண்டியதில்ல. கூட்டு ஒப்பந்தம், வார்டு மூடறது ரெண்டும் போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி சென்டருக்கு வரணும். நான் எழுதற கருத்தை ஏத்துக்காட்டியும் ஃபைல்ல இருக்கணும், கிழிச்சுப் போடக்கூடாது. மூணாவதுதான் அதிகம் கைகொடுத்துச்சு. ரெண்டு தடவை என் பேச்சு எடுபடல, அதுல ஒரு தடவை வருஷம் கழிச்சு புது போர்டு அந்த ஃபைலைத் தேடி எடுத்துப் படிச்சாங்க.

தனி சென்டரா நின்னா சுதந்திரம் கிடைச்சுடும்னும் நினைக்க வேண்டாம். 1977ல லினாக்கர் சென்டர்னு லண்டன்ல தொடங்கி, அப்புறம் ஆக்ஸ்போர்டுக்குப் போய் ஆன்ஸ்கோம் பயோஎத்திக்ஸ் சென்டர்னு பேர் மாறின கத்தோலிக்க சென்டரை 2025ல மூடிட்டாங்க. அந்தத் தலைப்புகள்ல அவ்வளவு வருஷம் உழைச்ச இடம். படிச்சப்ப மனசு கஷ்டமா இருந்துச்சு.

ஆயரோட உறவு எந்தப் பக்கம் சுலபம்னு கேட்டா, உறுதியா சொல்ல எனக்கு அனுபவம் போதாது. எனக்கு அமைஞ்ச ஆயர் ஐசியூவுக்கே வந்து நின்னு பார்த்தவர், அது எல்லாருக்கும் கிடைக்காது. யுனிவர்சிட்டியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்தற மாதிரியும் உண்டு, சிட்னியில ப்ளங்கெட் சென்டர் அப்படி உருவானது. அதுல நான் வேலை பார்த்ததில்ல. ரெண்டு எஜமானுக்கு வேலை செய்யற பாரம் எவ்வளவுன்னு அங்க இருந்தவங்கதான் சொல்லணும்.

சிஸ்டர் கிட்ட கடைசியா ஒண்ணு சொன்னேன். ஆஸ்பத்திரிக்காரங்க இன்டர்வியூவுக்குக் கூப்பிடறப்ப போர்டு ரூமோட நிக்காம, ஒரு ராத்திரி ஐசியூவுக்குள்ள விடச் சொல்லி, அங்க டியூட்டியில இருக்கற நர்ஸ் கிட்ட எத்திக்ஸ்ல யாரைக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க. நம்பர் அவங்க கையில இருந்தா தைரியமா போங்க. இல்லாட்டி, போய் நீங்க பண்ண வேண்டிய முதல் வேலை அந்த நம்பரை அவங்க டெஸ்க்ல ஒட்டறதுதான், அதுக்கு நிர்வாகம் விடுமான்னு அங்கயே கேட்டுட்டு வாங்க.