மீன் தொட்டி ஹீட்டர்: காட்பாடியில் ஏழு குளிர்காலம்

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் வண்டியில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இந்த ஊர்க் குளிரும் தெரியும். இரவில் 18, 19 டிகிரிக்கு இறங்கிவிடும். காந்தி நகரில் எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடித் தொட்டி இருக்கிறது. ஹீட்டர் போடாவிட்டால் அந்த மாதங்களில் தண்ணீர் காலையில் 22 காட்டும், மதியம் 25ஐ நெருங்கும். கப்பி, மோலி வைத்திருப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். தங்கமீனுக்கு ஹீட்டரே தேவையில்லை. நான் வளர்ப்பது ஏஞ்சல். தினமும் இப்படி ஏறி இறங்கினால் ஒரு வாரத்துக்குள் துடுப்பில் ரவை தூவினது போல வெண்புள்ளி நோய் வந்து நிற்கும்.

2018 டிசம்பரில் முதல் ஹீட்டர் வாங்கினேன். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணல், கல் போக சுமார் 165 லிட்டர் தண்ணீர் நிற்கும். கடைக்காரர் 300 வாட் எடுத்துக் கொடுத்தார். "பெருசா இருந்தா சீக்கிரம் சூடாகும், ஹீட்டரும் களைக்காது" என்றார். சரியாகத்தான் பட்டது.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பொங்கல் முடிந்த அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மகள் வந்து எழுப்பினாள். "அப்பா, மீனெல்லாம் மேலயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." போய்த் தொட்டிக் கண்ணாடியில் கை வைத்தேன், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டது போல இருந்தது. தெர்மாமீட்டர் 36. ஹீட்டரில் சூட்டின் அளவை வைக்கும் திருகு 26இல்தான் இருந்தது, சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை. ஏழு ஏஞ்சலில் நாலு போய்விட்டன. ஐந்து ரூபாய்க் காசு அளவில் வாங்கி இரண்டு வருடம் வளர்த்தவை.

இந்த நிலை யாருக்காவது வந்தால் ஐஸையோ பச்சைத் தண்ணீரையோ அள்ளிக் கொட்டாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அடுத்து ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும், 35இல் 7கூட நிற்காது. மீன் மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு டிகிரி என்ற அளவில் இறக்க வேண்டும். மீதி மூன்றும் அப்படித்தான் பிழைத்தன.

அந்த ஹீட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூடேறினால் வளைந்து விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் திரும்ப வந்து ஒட்டும். ஒவ்வொரு முறை தொடும்போதும் விலகும்போதும் சின்னப் பொறி பறக்கும். அந்த இரண்டு புள்ளிகளும் கருகிக் குழி விழுந்து, கடைசியில் வெல்டிங் வைத்தது போல ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பேனாக் கத்தி முனையால் நெம்பிய பிறகுதான் பிரிந்தன. விலை கூடிய ஹீட்டரில் நல்ல உலோகம் போடுவார்கள், அதிக நாள் உழைக்கும். ஆனால் பட்டை வைத்த எந்த ஹீட்டருக்கும் இந்த முடிவு வரலாம். அதனால் "எந்த ஹீட்டர் கெடாது" என்று யாராவது என்னிடம் கேட்டால், கெட்டால் மீன் சாகாதபடி எப்படி வைப்பது என்பதற்குத்தான் பதில் சொல்வேன்.

முதல் மாற்றம் வாட்டில். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும். 165 லிட்டரில் 300 வாட் விடாமல் எரிந்தால் மணிக்கு ஒன்றரை டிகிரி ஏறும். ஒரு ராத்திரி போதும். லிட்டருக்கு ஒரு வாட் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு குளிர்நாட்டு வீடுகளுக்குச் சரி. நமக்கு ஏற்ற வேண்டியதே நாலைந்து டிகிரிதான். அதனால் 75 வாட்டில் இரண்டு வாங்கித் தொட்டியின் இரண்டு முனையிலும் வைத்தேன். ஒன்று ஒட்டிப்போய் விடாமல் எரிந்தாலும் தண்ணீரை வேகவைக்க அதற்குச் சக்தி போதாது. ஒன்று அணைந்துபோனால் மற்றது ஓரளவு தாங்கும். ஏழு வருடத்தில் இந்த 150 வாட் போதாமல் போனது மூன்று நாலு இரவுதான், அப்போதும் 24.5க்குக் கீழே இறங்கவில்லை. அந்த இரவுகளில் வோல்டேஜும் குறைவு. 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டர் 180 வோல்ட்டில் அறுபது சதவீதச் சூடுதான் தரும், 75 வாட் 46 ஆகிவிடும். தெருவில் விளக்கு மங்கினால் தொட்டியும் ஆறும்.

அடுத்த பாதுகாப்புப் பூட்டு, தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஹீட்டருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் தனி டெம்பரேச்சர் கன்ட்ரோலர். எஸ்.டி.சி. 1000 என்ற பெயரில் பல பேர் செய்து விற்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. நான் வாங்கியபோது ஆயிரம் ரூபாய்க்குள். பின்பக்கம் மின்சாரம் பாயும் திருகுகள் திறந்தே இருக்கும், ஆகவே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து மாட்டாமல் பயன்படுத்தக் கூடாது. நான் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்தேன். இதில் 26 வைத்து, வித்தியாசம் அரை டிகிரி கொடுத்திருக்கிறேன். 25.5க்கு இறங்கினால் ஹீட்டருக்கு மின்சாரம் போகும், 26இல் நிற்கும். ஹீட்டர்களின் சொந்தத் திருகு 28இல். அதாவது தினசரி வேலை கன்ட்ரோலருக்கு, காவல் வேலை ஹீட்டரின் பட்டைக்கு. நேர்மாறாகவும் வைக்கலாம், பாதுகாப்பு ஒன்றுதான். நான் இப்படி வைத்ததற்குக் காரணம், கன்ட்ரோலரின் ரிலே (உள்ளே தானாக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) 10 ஆம்பியர் தாங்கும், என் இரண்டு ஹீட்டரும் சேர்ந்து இழுப்பது 0.65 ஆம்பியர். ரிலேவுக்கு அது பாரமே இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. ரிலே ஒட்டிக்கொண்டால் தண்ணீர் 28இல் நிற்கும், பெட்டி எண்ணைக் காட்டும், நமக்குத் தெரிந்துவிடும். ஹீட்டரின் பட்டை ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் வழக்கம்போல் அணைத்துக்கொண்டே இருக்கும், பட்டை கெட்டது தெரியவே தெரியாது. அப்புறம் என்றைக்கோ ரிலேவும் போனால் பழைய கதைதான். ஆகவே ஒவ்வொரு கார்த்திகையிலும் இரண்டு ஹீட்டரையும் பக்கெட்டில் சோதிக்கிறேன். 15 லிட்டர் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், கன்ட்ரோலர் இல்லாமல் நேராக பிளக். ஒரு மணி நேரம் முன்னே பின்னே 28 வந்ததும் விளக்கு அணைய வேண்டும். 2022இல் ஒன்று 31 ஆகியும் அணையவில்லை. அதைக் குப்பையில் போட்டேன். வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது.

கன்ட்ரோலர் எனக்குக் கொடுத்த ஒரே பயம் சென்சாரால் வந்தது. தண்ணீர் மாற்றும்போது சென்சார் வெளியே வந்து தொங்கிவிட்டது. வெளிக்காற்று 22. பெட்டி அதைத் தண்ணீர் என்று நம்பி ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருந்தது. மாலையில் பார்த்தபோது தொட்டி 28, ஹீட்டரின் சொந்தத் திருகு நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு பூட்டு ஏன் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். இப்போது சென்சார் ஒயரைத் தொட்டியின் பாதி ஆழத்தில், தண்ணீர் இறக்கும் மட்டத்துக்குக் கீழே, இரண்டு ரப்பர் கப்பில் பிடித்து வைத்திருக்கிறேன்.

மின்சாரப் பாதுகாப்பில் எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன். "அண்ணே, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டோம்னு கையை உள்ளே விடாதீங்க. உங்க வீட்ல இந்த பாயின்ட்ல பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கு. பிளக்கைப் புடுங்கிட்டு அப்புறம் கை வைங்க." டெஸ்டரை வைத்துக் காட்டினார், சுவிட்ச் அணைந்திருந்தும் விளக்கு எரிந்தது. ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் விரிசல் இருந்தால் அந்த மின்சாரம் தண்ணீரில்தான் இருக்கும். அன்றைக்கே 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டச் சொன்னேன். இந்தச் செலவை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒயரையும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டிருக்கிறேன், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நம்ம ஊர் போர் தண்ணீருக்கு ஒரு விஷயம். மூன்று மாதத்தில் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படலம் ஏறும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கிக் கண்ணாடிக்குக் கேடு செய்யும். கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கை எடுத்துவிட வேண்டும். சூடான குழாய் காற்றில் நின்று அதன் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல்தான்.

2022இல் தூக்கிப்போட்டதற்குப் பதிலாக எஹெய்ம் ஜேகர் என்ற 75 வாட் ஹீட்டர் வாங்கினேன். தலையில் இருக்கும் வளையத்தைத் திருப்பி நம் தெர்மாமீட்டருக்குச் சரிசெய்துகொள்ளலாம், எனக்குப் பிடித்தது அதுதான். மூன்று கார்த்திகைச் சோதனையிலும் 28இல் அரை டிகிரி தாண்டாமல் அணைந்தது. விலை அதிகம். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் ஆகும் என்றால், சாதாரண ஹீட்டரோடு கன்ட்ரோலர் வாங்குவதே மேல்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், ஆனாலும் மாசி பாதியில் எங்கள் தொட்டி தானாகவே 26க்கு மேல் நிற்கத் தொடங்கும். அப்போது ஹீட்டர்களைக் கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். கன்ட்ரோலர் மட்டும் அங்கேயே இருக்கும். அதில் குளிர்விக்கும் பக்கத்துக்கு இன்னொரு ரிலே இருக்கிறது. பங்குனியில் 29 என்று மாற்றி ஒரு சின்ன ஃபேனை அதில் மாட்டிவிடுவேன், தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். 2019இல் பிழைத்த மூன்றில் ஒன்று சென்ற ஆண்டு வரை இந்தத் தொட்டியில் இருந்தது.