உள்ளே கட்டிய டிரைவரா, இனிட்ராம்எஃப்எஸ்ஸா? பூட் ஆகாத கர்னலை முன்வைத்து ஓர் அலசல்

லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும்: "கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)". முழு அமைப்பும் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய (திறந்து இணைக்க) வழியில்லை என்று கர்னல் கையை விரிக்கும் இடம் அது. பல லேப்டாப்களில் கூடவே கேப்ஸ்லாக் விளக்கும் கண்சிமிட்டும், கிண்டல் செய்வதுபோல.

நான் இதை முதல் தடவை பார்த்தது நள்ளிரவு தாண்டிய நேரம். என்விஎம்ஈ (எஸ்எஸ்டி டிஸ்க்) டிரைவர் உள்ளே இருக்கிறது, ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் உள்ளே இருக்கிறது, எதுவும் விட்டுப்போகவில்லை என்று, கர்னலில் எது சேர வேண்டும் எனத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கை மூன்று முறை சரிபார்த்து, மூன்று முறை கம்பைல் செய்தேன். மூன்று முறையும் அதே வரி. தப்பு கர்னலிலேயே இல்லை. கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரான கிரப்பில் இருந்த ஒரு சொல்லில் இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கர்னல் கட்டும் வழிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எது சின்னது, எது வேகம் என்றுதான் பார்க்கிறார்கள். பூட் இரண்டு விநாடி முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிவிடும்? நான் பார்ப்பது வேறு. பூட் ஆகாமல் போகும்போது எந்த வழி என்னிடம் பேசுகிறது, எது வாயை மூடிக்கொள்கிறது? இங்கே எல்லாவற்றையும் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் அளக்கிறேன். வீட்டில் இருக்கும் சாதாரண எக்ஸ்86 லேப்டாப், டெஸ்க்டாப் பற்றித்தான் பேச்சு.

கன்ஃபிக்: முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா?

டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) தந்த கன்ஃபிக் கோப்பை, அதாவது கர்னலில் எது சேரும் என்ற பட்டியலை, பூட் அடைவிலிருந்து நகல் எடுத்து, புதிய தேர்வுகளுக்கு இயல்பு விடையை நிரப்பும் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கொடுத்துக் கட்டுவது முதல் வழி. இது முழுச் சாப்பாடு. உங்கள் வாழ்நாளில் கண்ணால் பார்க்கப்போகாத கார்டுகளுக்கெல்லாம் மாட்யூல் (தேவைப்படும்போது ஏறும் டிரைவர் துண்டு) கம்பைல் ஆகும். மின்விசிறி அலறும், டிஸ்க்கில் பல ஜிபி போகும். ஆனால் வன்பொருள் டிரைவர் இல்லாமல் பூட் நிற்பது அரிதிலும் அரிது.

இரண்டாவது, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய ஸ்கிரிப்ட். 2009-ல் வெளிவந்த 2.6.32 முதல் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. அந்த நேரத்தில் எந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று எல்எஸ்மாட் பட்டியலைப் பார்த்து, மற்றதையெல்லாம் கழற்றிவிடும். கம்பைல் நேரம் நம்பமுடியாத அளவுக்குக் குறையும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இது பூட்டைக் கெடுப்பது குறைவு. ரூட் டிஸ்க்கின் டிரைவர் ஏறியிருந்தால்தானே நீங்கள் அந்தக் கட்டளையையே அடிக்க முடியும்? அடி விழுவது நாலு நாள் கழித்து. பென்டிரைவைச் செருகினால் ஒன்றும் நடக்காது. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் கிளம்பாது, ஏனென்றால் அன்றைக்கு டாக்கர் ஓடவில்லை, அதற்கு வேண்டிய நெட்ஃபில்டர் (நெட்வொர்க் வடிகட்டும்) மாட்யூல்களும் பட்டியலில் இல்லை. அதனால் கட்டளை கொடுக்கும் முன் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள்: பென்டிரைவ், ஹெட்செட், போன் டெதரிங், பிரிண்டர். விருந்தாளிப் பட்டியல் எழுதுவதுபோலத்தான், விட்டுப்போனவர்தான் முதலில் வந்து நிற்பார்.

மூன்றாவது, மேக் டெஃப்கான்ஃபிக் தரும் இயல்பு கன்ஃபிக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. நாளைக் காலை அந்த லேப்டாப்பில் வேலை இருக்கிறது என்றால் தொடாதீர்கள். 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் என்விஎம்ஈ டிஸ்க் விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். என்விஎம்ஈ டிரைவரைப் போட்டு, விஎம்டி டிரைவரை விட்டுவிட்டால் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே கர்னலுக்குத் தெரியாது. இது ஊகித்துக் கண்டுபிடிக்கிற விஷயமா?

உள்ளேயே கட்டுவதா, இனிட்ராம்எஃப்எஸ்ஸா?

சண்டை உண்மையில் நடப்பது இங்கேதான். மெனுகான்ஃபிக்கில் நட்சத்திரம் போட்டால் டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேரும். எம் போட்டால் தனி மாட்யூலாக டிஸ்க்கில் உட்காரும். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவரே டிஸ்க்கில் இருந்தால் எப்படிப் படிப்பது? சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. அதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ்: தேவையான மாட்யூல்களை ஒரு சிறு மூட்டையாகக் கட்டி, கர்னலோடு சேர்த்து கிரப் நினைவகத்தில் ஏற்றிவிடும். மூட்டையே வேண்டாம், எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டுவிடுவோம் என்பது எதிரணி.

எதிரணியின் பக்கம் நியாயம் இருக்கிறது. கோப்பு ஒன்றுதான், அதை மறக்க வழியில்லை. வன்பொருள் மாறாத சர்வர், விர்ச்சுவல் மெஷின், சின்ன போர்டுகள், இவற்றுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் அது தவறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேனிக். விசைப்பலகை செத்துவிடும். மேலே ஓடிப்போன வரிகளைத் திருப்பிப் பார்க்க முடியாது. திரையில் மிஞ்சியதை வைத்துத்தான் ஜாதகம் கணிக்க வேண்டும்.

கணிக்கத் தெரிந்தால் அந்த மிச்சத்திலும் நிறைய இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் (0,0) என்று இருந்தால், நீங்கள் சொன்ன ரூட் எது என்றே கர்னலுக்குப் புரியவில்லை: டிஸ்க் டிரைவர் இல்லை, அல்லது பெயர் தப்பு. (8,2) என்றிருந்தால் எஸ்டிஏ2 பார்ட்டிஷன் வரை போய்ச் சேர்ந்துவிட்டது; என்விஎம்ஈ என்றால் முதல் எண் 259. அப்படியானால் குறை பெரும்பாலும் ஃபைல்சிஸ்டத்தில். பேனிக்குக்குச் சற்று மேலே "நோ ஃபைல்சிஸ்டம் குட் மவுண்ட் ரூட், ட்ரைடு" என்று ஒரு வரி இருக்கும். முயன்று பார்த்த ஃபைல்சிஸ்டங்களின் பெயர் அதிலேயே வரும். உங்களுடையது அங்கே இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. அதற்கும் மேலே, கர்னல் கண்ட பார்ட்டிஷன்களின் பட்டியல். அதில் உங்கள் டிஸ்க்கே இல்லையென்றால் கிரப்பை நோண்டிப் பயனில்லை, டிரைவரைத் தேடுங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பட்டியலில் என் டிஸ்க் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் (0,0). காரணம், கிரப் வரியில் ரூட் என்பது யூயூஐடியாக எழுதப்பட்டிருந்தது. அந்த யூயூஐடி ஃபைல்சிஸ்டத்துக்குள் எழுதியிருக்கும் எண். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நிரல்களின் வேலை. கர்னலுக்குத் தானாக அது தெரியாது. கர்னலுக்கு நேரடியாகப் புரிவது பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும் பார்ட்யூயூஐடி, டிஸ்க்கின் சாதனப் பெயர் போன்றவைதான். நானோ மூட்டையைத் தூக்கியெறிந்துவிட்டு, மூட்டைக்குள் இருந்தவனுக்கு எழுதிய கடிதத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தேன். ஒரு சொல் மாற்றினேன், எழுந்தது.

எழுந்த கையோடு வைஃபை வேலை செய்யவில்லை. அதற்கும் அதே நட்சத்திர ஆசைதான் காரணம். உள்ளே கட்டிய டிரைவர், ரூட் மவுண்ட் ஆவதற்கு முன்பே எழுந்து, கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கும். கோப்பு இருக்கும் டிஸ்க்கே இன்னும் திறக்கவில்லை. வைஃபை என்றால் இணையம் போகும், அவ்வளவுதான். ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவருக்கு நட்சத்திரம் போட்டு ஃபர்ம்வேரைச் சேர்க்காமல் விட்டால் திரையே கறுத்துவிடும். கர்னல் சொல்வதைப் படிக்கக்கூட வழியிருக்காது. இவற்றை எம் என்று விடுவதே உத்தமம். உள்ளேதான் வேண்டும் என்றால் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் என்ற கன்ஃபிக்கில் கோப்பின் பெயரையும் எழுத வேண்டும்.

இனிட்ராம்எஃப்எஸ் தவறும் விதம் வேறு. டெபியன், உபுண்டுவில் ரூட் கிடைக்காமல் போனால், யூயூஐடி இல்லை என்று சொல்லிவிட்டு பிஸிபாக்ஸ் என்ற சிறிய கட்டளை ஷெல்லில் கொண்டுவந்து நிறுத்தும். எதைப் பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லித்தரும்: கமாண்ட்லைன் சரியா, மாட்யூல்கள் ஏறினவா, சாதன அடைவில் டிஸ்க் இருக்கிறதா. மாட்ப்ரோப் கொடுத்து என்விஎம்ஈயை ஏற்றிப் பாருங்கள். டிஸ்க் தோன்றிவிட்டால் எக்ஸிட் அடித்தால் போதும், பல நேரம் பூட் தொடர்ந்து போய்விடும். ஃபெடோராவில் மூட்டை கட்டும் டிராகட்டும் தன் பங்குக்கு ஓர் அவசர ஷெல் தருகிறது. நோயாளி வாய் திறந்து எங்கே வலி என்று சொல்வதற்கும், மயங்கிக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். என் ஓட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு. லக்ஸ் என்ற டிஸ்க் மறையாக்கமோ, டிஸ்க் இடத்தைப் பகுத்து நிர்வகிக்கும் எல்விஎம்மோ ரூட்டில் இருந்தால் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை, மூட்டை வேண்டும்.

அதற்கும் வியாதி உண்டு. மாட்யூல்களை டீபக் (பிழைதேடல்) தகவலோடு நிறுவினால் மூட்டை வீங்கி, பூட் பார்ட்டிஷனே நிரம்பிவிடும். மாட்யூல்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப் என்பதை 1 என்று கொடுத்தால் இளைத்துவிடும். மூட்டை ஸெட்எஸ்டிடி முறையில் சுருக்கப்பட்டிருக்க, கர்னலில் அதைப் பிரிக்கும் வசதியை வேண்டாம் என்று நீக்கியிருந்தாலும் கதை முடிந்தது. மூட்டை பிரியாது, கர்னல் தானே ரூட்டைத் தேடும், பழைய (0,0) வந்து நிற்கும். டிஸ்ட்ரோ கன்ஃபிக்கை வைத்துக் கட்டியும் (0,0) வருகிறது என்றால், நான் டிரைவரைச் சந்தேகிக்கவே மாட்டேன். மூட்டை உருவானதா, கிரப் அதை ஏற்றியதா என்றுதான் முதலில் பார்ப்பேன். டெபியன் வகையறாவில் பின்டெப்-பிகேஜி மூலம் டெப் பொதியாகக் கட்டி நிறுவினால் மூட்டை கட்டுவதும் கிரப்பைப் புதுப்பிப்பதும் தானாக நடக்கும், மறக்க வழியில்லை.

எதைக் கொண்டு பார்ப்பது?

"லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்" என்று காட்டிவிட்டுத் திரை அப்படியே நின்றால், அங்கேயே நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது கிரப் கடைசியாகச் சொன்ன வார்த்தை, அவ்வளவே. கர்னல் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கலாம். எழுதிக் காட்டத் திரைதான் அதற்குக் கிடைக்கவில்லை. கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி செய்திகளை மறைக்கும் க்வயட், ஸ்பிளாஷ் இரண்டையும் நீக்கி, கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவைக்கும் நோமோட்செட் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் பேசவில்லை என்றால், தொடக்கத்திலேயே திரையில் எழுதவைக்கும் எர்லிகான்=ஈஎஃப்ஐஎஃப்பி. அப்புறம் போன் கேமரா. சிரிக்காதீர்கள், வீடியோ எடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துவதுதான் லேப்டாப்காரர்களின் சீரியல் கன்சோல். நிஜ சீரியல் கன்சோல், அதாவது கேபிள் வழியே இன்னொரு கணினியில் செய்திகளைப் படிப்பது, கிடைத்தால் அதற்கு ஈடில்லை, ஆனால் இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட் எங்கே இருக்கிறது? செய்திகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் நெட்கன்சோலுக்கு நெட்வொர்க் கார்டு எழ வேண்டும். அதற்கு முன்பே விழுந்துவிட்டால் அதில் எதுவும் வராது.

கெமு என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. கர்னல் நிரலில் நீங்கள் கை வைத்திருந்தால் கெமுவைப் போல வேறு ஒன்று இல்லை. சில விநாடிகளில் விழுந்து, முழு வரலாற்றையும் டெர்மினலில் கொட்டிவிடும். கன்ஃபிக்கில் மட்டும் கை வைத்திருந்தால் அது பொய் நம்பிக்கை. அங்கே இருப்பது வேறு டிஸ்க், வேறு திரை. உங்கள் விஎம்டி கன்ட்ரோலரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

விழுந்தபின் எழுவது

பழைய கர்னலைக் கிரப்பில் தேர்ந்தெடுத்து எழுவதா, லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, சிஎச்ரூட் மூலம் டிஸ்க்கில் உள்ள அமைப்புக்குள் நுழைவதா? முன்னது அரை நிமிட வேலை, பின்னது அரை மணி நேர வேலை. போட்டியே இல்லை, ஒரு பொறியைத் தவிர. ஒரே பதிப்பை அதே பெயரில் மறுபடி கட்டி நிறுவினால், கர்னல் கோப்பின் பழைய நகல் ஓல்ட் என்ற வாலோடு தப்பிவிடும். மாட்யூல் அடைவு தப்பாது. புதியது பழையதன் மேலேயே எழுதப்படும். அவசரத்துக்குப் பழையதில் நுழைந்தால் பழைய கர்னலும் புதிய மாட்யூலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் முறைத்துக்கொள்ளும். கர்னலின் பதிப்புப் பெயரோடு ஒட்டும் லோக்கல்வெர்ஷனில் ஒவ்வொரு தடவையும் ஒரு வால் சேர்ப்பது இதற்காகத்தான். டிஸ்ட்ரோவின் கர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருங்கள். கையொப்பமுள்ள கர்னலை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று வந்தால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. நீங்கள் கட்டியதில் கையொப்பம் இல்லை. கையொப்பமிடுங்கள், அல்லது செக்யூர் பூட்டை நிறுத்துங்கள்.

தொலைவில் இருக்கும் கணினி என்றால் மூன்றாவது வழி: கிரப்-ரீபூட் கொடுத்து, புதிய கர்னலை ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் வரியில் பேனிக்=10 சேர்ப்பது. விழுந்தால் 10 விநாடியில் தானே மறுபூட் ஆகி, பழையதில் எழுந்துவிடும். இதற்கு கிரப் டீஃபால்ட் என்பது சேவ்டு என்று இருக்க வேண்டும். பூட் அடைவு எல்விஎம்மிலோ பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்திலோ இருந்தால் கிரப்பால் தன் குறிப்பை அழித்தெழுத முடியாது. அது புதியதிலேயே திரும்பத் திரும்பப் போய் முட்டும். பேனிக் ஆகாமல் வெறுமனே உறைந்துவிட்டாலும் இது கை கொடுக்காது, யாராவது நேரில் போய்ப் பவர் பட்டனை அழுத்த வேண்டும்.

கடைசியாக, கன்ஃபிக்கைக் குறை சொல்வதா, கர்னல் நிரலையே குறை சொல்வதா? புதிய சோர்ஸை டிஸ்ட்ரோ கன்ஃபிக்கோடு ஒருமுறை கட்டிப் பாருங்கள். எழுந்தால் குறை உங்கள் கன்ஃபிக்கில்; ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டிஃப்கான்ஃபிக் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும். மூட்டையும் சரியாக இருந்து அப்போதும் விழுந்தால் கிட் பைசெக்ட், அதாவது எந்த நிரல் மாற்றம் (கமிட்) கெடுத்தது என்று தேடுவது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்துப் பதினைந்தாயிரம் கமிட்டுகள் இருக்கும், பாதி பாதியாக வெட்டினால் 14 முறை கட்ட வேண்டியிருக்கும். முழுச் சாப்பாட்டு கன்ஃபிக்கில் அதற்கு ஒரு வார இறுதியே போய்விடும். அந்த 14 தடவைக்கு மட்டும் லோக்கல்மாட்கான்ஃபிக்குக்கு மாறிக்கொள்ளுங்கள், பென்டிரைவைச் செருகிவைத்தபடி.