கொலைகாரனின் பக்கமா, பாட்டியின் பக்கமா? ஈலிங்கின் இரண்டு அவல நகைச்சுவைப் படங்கள்

லண்டனின் ஈலிங் ஸ்டூடியோ 1949இல் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ படத்தையும், 1955இல் ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தையும் தந்தது. இரண்டிலும் நடிகர் அலெக் கின்னஸ் இருக்கிறார். இரண்டிலும் பிணங்கள் அடுத்தடுத்து விழுகின்றன, நாமும் சிரிக்கிறோம். ஆனால் முதல் படம் நம்மைக் கொலைகாரனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. இரண்டாவது, கொல்லப்பட வேண்டியவருக்குப் பக்கத்தில். எந்த இடம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதைப் பொறுத்தே உங்கள் தேர்வு அமையும். கதை முடிவுகளையும் இங்கே பேசுகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிக்கலாம்.

ராபர்ட் ஹேமர் இயக்கிய முதல் படத்தின் உயிர் அதன் குரலில் இருக்கிறது. நாளைக் காலை தூக்கு என்ற நிலையில் லூயி மட்சினி சிறையில் எழுதும் நினைவுக்குறிப்புதான் கதை. இத்தாலியப் பாடகரை மணந்ததற்காக அவன் தாயை, அவள் பிறந்த பிரபுக் குடும்பம் ஒதுக்கிவிடுகிறது. அவள் இறந்த பிறகு குடும்பக் கல்லறையில் இடம் கேட்டால் அதையும் மறுக்கிறது. குடும்பத்தின் பிரபுப் பட்டத்துக்கும் தனக்கும் நடுவே நிற்பவர்களை ஒவ்வொருவராக அகற்ற லூயி முடிவெடுக்கிறான். குறுக்கே நிற்கும் அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும், ஒரு சீமாட்டி உட்பட, கின்னஸே நடித்திருக்கிறார். ஒரே முகம் திரும்பத் திரும்பச் சாவதால் மனிதர் சாவதாகத் தோன்றாமல், ஒரு வர்க்கம் சரிவதாகவே தோன்றுகிறது. அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

தோட்டத்தில் லூயி அந்தக் குடும்பத்து மருமகளோடு நாகரிகமாகத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறான். பின்னால் அவள் கணவனின் புகைப்பட அறை வெடித்துப் புகை எழுகிறது. அவன் பேச்சின் பதம் மாறுவதே இல்லை. நமக்குச் சிரிப்பு வருகிறது. வந்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கிறது. முதல் கொலையிலேயே எந்தப் பகையும் இல்லாத ஒரு பெண்ணும் சேர்ந்து இறந்துபோகிறாள். அதை ஒரே வாக்கியத்தில் அவன் சமாதானப்படுத்திக்கொள்ளும்போது, நாம் யாருக்குத் துணைபோகிறோம் என்பது தெளிவாகிவிடுகிறது.

அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கிய ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் இந்தச் சங்கடம் இல்லை. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகே தனியாக வாழும் திருமதி வில்பர்ஃபோர்ஸின் வீட்டில், இசைக் குழு என்று சொல்லிக்கொண்டு ஐந்து திருடர்கள் கூடுகிறார்கள். உள்ளே இசையமைப்பாளர் போக்கெரினியின் இசைத்தட்டு சுழல்கிறது. கொள்ளைத் திட்டம் தயாராகிறது. உண்மை தெரிந்ததும் பாட்டி போலீஸை அழைப்பதற்கு முன் அவர்களைக் கண்டிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளைப் போல அவர்கள் தலைகுனிகிறார்கள். அவரைக் கொல்ல யார் போவது என்று தீக்குச்சி எடுத்துப் பார்த்தும் ஒருவனாலும் முடியவில்லை. ஒருவரையொருவர் கொன்று, ஐவரும் சரக்கு ரயில் பெட்டிகளில் விழுந்து போய்ச் சேர்கிறார்கள். பாட்டியாக நடித்த கேட்டி ஜான்சனின் நடிப்பு அபாரம். ஆனால் குற்றம் செய்யும் மனத்துக்குள் இந்தப் படம் நுழைவதே இல்லை.

முடிவுகளில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. பாட்டி பணத்தைத் திருப்பித் தரக் காவல் நிலையத்துக்குப் போகிறார். யாரும் நம்பாமல், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். லூயியோ செய்யாத கொலைக்காகத் தண்டனை பெற்று, கடைசி நேரத்தில் விடுதலையாகிறான். வெளியே வந்த பிறகுதான் நினைவுக்குறிப்பை அறையிலேயே விட்டுவந்தது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. படம் அங்கேயே நின்றுவிடுகிறது. அமெரிக்கத் தணிக்கை விதிகளுக்காக, அந்தக் குறிப்பு அதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேரும் சில விநாடிகளை அமெரிக்கப் பதிப்பில் சேர்த்தார்கள். தீர்ப்பைப் பார்வையாளரிடம் விட்டதுதான் படத்தின் நேர்மை. அந்தச் சில விநாடிகள் அதைப் பறித்துவிடுகின்றன. ஆகவே பிரிட்டிஷ் பதிப்பையே தேடிப் பாருங்கள்.

இவ்வகைக் கதைகளுக்குப் புதியவர்களும், குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பவர்களும் ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் தொடங்கலாம். என் தேர்வு ‘கைண்ட் ஹார்ட்ஸ்’. ராய் ஹார்னிமன் 1907இல் எழுதிய ‘இஸ்ரேல் ராங்க்’ நாவலே அதற்கு மூலம். அதில் நாயகனின் தந்தை யூதர். படத்தில் அவரை இத்தாலியராக மாற்றினார்கள். யூதப் படுகொலை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில் அந்த மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன்.