கட்டுதுராவில் மதிய உணவு என்றால், யார் வீட்டில் என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாலைத்திணை வந்தாலே பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "டீச்சர், நிஜப் பாலைவனம் எப்போ?" போன ஜூலை விடுமுறையில் கூட்டிப் போனோம். பதினெட்டு வயது தாண்டிய பத்து மாணவர்கள், நான், இன்னொரு ஆசிரியை. நமீபியாவில் ஐந்து நாள், தலைக்கு 14,800 ராண்டு. ஏற்பாடு செய்தவர் தமிழர். "அக்கா, நம்ம பிள்ளைங்களை நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றார். அந்தப் பேச்சில் மயங்கி எதையும் எழுத்தில் வாங்காமல் விட்டது என் தப்பு.

முதல் ஏமாற்று, நமீப் பாலைவனப் பூங்காவின் நுழைவாயிலான செஸ்ரியத்தில். 'பூங்காவுக்குள் முகாம், மணற்குன்றின் மேல் சூரியோதயம்' என்று சொல்லியிருந்தார். அங்கே இரண்டு கேட் உண்டு. உள்ளே தங்குபவர்களுக்கு உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்கேட்டைத் திறந்துவிடுவார்கள். வெளியே தங்கினால் சூரியன் வந்த பிறகுதான் வெளிக்கேட்டே திறக்கும். எங்களைத் தங்க வைத்ததோ சரளைச் சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஜூலைக் குளிரில், இருட்டிலேயே கிளம்பி, பூட்டிய கேட் முன்னால் கோம்பிக்குள் (சின்ன வேன்) போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தோம். கேட்டிலிருந்து 45 கிலோமீட்டரில் இருப்பதால்தான் அந்தக் குன்றுக்கு 'டியூன் 45' என்று பெயர். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. சூரியோதயம் பார்த்தவர்கள் இறங்கி வந்து ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம், குன்றுகள் சூழ்ந்த களிமண் வெளியான சோசுஸ்வ்லேய்க்குக் கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். ஃபோர்வீல் வண்டி இல்லாமல் போக முடியாது. எங்களுக்குத் தந்ததோ சாதாரணக் கோம்பி. அங்கே ஓடும் வண்டிக்கு எங்கள் கையிலிருந்தே காசு கொடுத்துப் போனோம். ஆனாலும் பக்கத்திலிருக்கும் டெட்வ்லேய் டெட்வ்லேய்தான்: வெள்ளைக் களிமண் தரையில், பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்தும் காற்றின் வறட்சியில் உளுத்துப்போகாமல் கறுத்து நிற்கும் மரங்கள். பிள்ளைகள் பத்து நிமிஷம் பேசவே இல்லை. என் வகுப்பில் அது நடந்ததே கிடையாது.

இதோடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

பயணத் திட்டத்தில் கடைசி நாள், தலைநகர் விண்ட்ஹூக்கின் கட்டுதுரா குடியிருப்பு. ஹெரேரோ மொழியில் அந்தப் பெயருக்கு 'நாங்கள் வாழ விரும்பாத இடம்' என்று அர்த்தம். பழைய குடியிருப்பிலிருந்து கறுப்பின மக்களை அங்கே விரட்டினார்கள். எதிர்த்துக் கூடியவர்கள் மீது 1959 டிசம்பர் 10 அன்று போலீஸ் சுட்டதில் 11 பேர் செத்தார்கள். அப்போது நமீபியாவை ஆண்டதும் தென்னாப்பிரிக்காதான். என் ஆயாவை ஜோகன்னஸ்பர்க்கின் பேஜ்வியூவிலிருந்து லெனேசியாவுக்குத் தள்ளிய அதே அரசு, அதே புத்தி. ஏற்றத்தாழ்வில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்பவை நம் நாடும் நமீபியாவும். இதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என்றுதான் கேட்டேன். 'ஒரு குடும்பத்தோடு மதிய உணவு, குழந்தைகளுக்குச் சமைத்துப் போடும் ஒரு அம்மாவின் அடுப்படிக்கு உதவி' என்று சொல்லி, தலைக்கு 600 ராண்டு தனியாக வாங்கிக்கொண்டார் ஏற்பாடு செய்தவர். பன்னிரண்டு பேருக்கு 7,200.

நடந்தது என்ன? நாற்பது நிமிஷம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. அங்கே ஹவானா என்ற பகுதியில் தகரக் குடிசைகள் மேடேறிப் போயின. பிளாஸ்டிக் குடத்தோடு நின்ற ஒரு சிறுமி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். என் மாணவி ஒருத்தி படம் எடுக்கப் போனைத் தூக்கினாள், அப்புறம் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "சாப்பாடு எங்கே?" என்று கேட்டதும், ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். அவரும் கட்டுதுராக்காரர்தான். "மேடம், எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. எனக்கே இரண்டு நாள் கூலி பாக்கி" என்றார்.

விளம்பரத்தில் இருந்த அம்மாவின் படத்தைக் காட்டினேன். ஓட்டுநருக்கு அடையாளம் தெரிந்தது, கூட்டிப் போனார். அந்த அம்மா என் போனில் தன் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். யாரோ ஒரு கூட்டம் வந்தபோது எடுத்ததாம். எங்கள் ஆளை அவர் பார்த்ததே இல்லை, ஒரு காசும் வந்ததில்லை. முற்றத்தில் பெரிய பானை, அதில் கஞ்சி. எங்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையில் மிஞ்சியதைச் சேர்த்துக் கொடுத்தோம். நம் ராண்டு அங்கே அப்படியே செல்லும். சிங்கிள் குவார்ட்டர்ஸ் சந்தையில் கப்பானா என்ற சுட்ட இறைச்சி வாங்கி, ஓட்டுநரையும் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பிட்டோம். பயணத்தில் உருப்படியான ஒரே வேளை அதுதான்.

உங்கள் பிள்ளைகளை யாராவது இப்படிக் கூட்டிப் போவதாகச் சொன்னால், முகாம் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். உதவிப் பணம் என்றால், அதை வாங்குபவரோடு கிளம்புவதற்கு முன்பே ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள். 'நம்ம ஆளு' என்பது ரசீது ஆகாது.

ஏற்பாடு செய்தவருக்கு நான் அனுப்பும் செய்திகளுக்கு இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 20,000 ராண்டு வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஒவ்வொருவர் பணமும் அதற்குள்தான் வருகிறது. அதனால் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதினாலு நாள் கெடு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது.